ஐந்து காயங்களின் மேல் ஆணை

1

என் மகள் ரீத்தா சென்ற மாதம் சாப்பாட்டு மேசையில் ஆண்டவருடைய காயங்களின் மேல் ஆணையிட்டாள். சூடான ரசம் விரலில் பட்டுவிட்டது, காரணம் அவ்வளவுதான். அவள் சொன்னது ‘ஜவுண்ட்ஸ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல். லண்டனில் இன்று யாரும் அதைச் சொல்வதில்லை. அவள் பள்ளியில் முதலாம் எலிசபெத் ராணி காலத்து நாடகம் ஒன்றை மேடையேற்றுகிறார்கள். ரீத்தா அதில் ஒரு சிப்பாய்.

“அதுக்கு அர்த்தம் தெரியுமா?” என்று கேட்டேன்.

தெரியும் என்றாள், ஆங்கிலத்தில். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது எங்கள் வீட்டில் எப்போதோ நிலைபெற்றுவிட்ட ஏற்பாடு. கடவுளின் காயங்கள் என்ற இரண்டு சொல் தேய்ந்து ஒன்றானதாம். ஆசிரியை தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். இத்தகைய ஆணைகள் வசனத்துக்கு வண்ணம் சேர்க்கின்றன என்று இருந்தது.

என் மனைவி தெரேஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். “எங்க வார்டுல பேசுறதக் கேட்டா இது செபம் மாதிரி இருக்கும். வுடுங்க,” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் முன்புதான் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ட்ரங்க் கால் வந்திருந்தது. பேசியவள் பிலோமினா, இறந்துபோன என் அண்ணன் மரியசூசையின் ஒரே மகள். பாண்டிச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அதே பேட்டையில் ஃபிட்டராக இருக்கும் பாஸ்கல் என்ற பையனுடன் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“சித்தப்பா, அடுத்த வாரத்துலேர்ந்து ஓலை வாசிக்கப் போறாங்க.”

“நல்லது.”

“நல்லது இல்ல. அருளப்பன் மாமா மூணாவது ஓலைல எழுந்து நிப்பேன்றாரு.”

“எதுக்காம்?”

“எங்க வூட்டுல ஒரு சத்தியம் பாக்கி இருக்குதாம். அப்பா அணைக்காத மெழுகுவத்திய எங்க ரத்தத்துல ஒரு ஆம்பள அணைக்கணுமாம். எனக்கு அண்ணனா தம்பியா, யாரு இருக்கா?”

“நா வந்து அணைக்கணும்ன்றியா?”

“நீங்க வாங்கன்றேன்,” என்றாள். லைன் அறுந்துவிட்டது.

ஓலை என்றால் என்ன என்று கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில் மணமக்கள் பெயரைச் சாமியார் வாசிப்பார். தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்பார். வழக்கமாக யாரும் எதுவும் அறிந்திருக்க மாட்டார்கள். அருளப்பன் பாஸ்கலின் தாய்மாமன். தகப்பன் இல்லாத பையனை வளர்த்தவர். அவர் கோயிலில் எழுந்து நின்றால் திருச்சபைச் சட்டம் அதைத் தடையாக ஏற்காது. ஆனால் தெரு ஏற்கும். கல்யாணம் நின்றுபோக அது போதும்.

2

மெழுகுவத்தி விஷயத்தை எங்கள் தெருக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று இப்போது சொல்லிக்கொள்பவர்களும் அவர்களில் இருப்பதால், நடந்ததை எழுதிவைக்கிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் கோபப்படலாம்.

நெல்லித்தோப்புப் பக்கம் எங்கள் தெருமுனையில் ஒரு கெபி, குகை மாதிரிக் கட்டிய சிறு மாடம், உண்டு. உள்ளே பாடுபட்ட சுரூபம், சிலுவையில் அறையப்பட்ட ஏசு. இரண்டு கை, இரண்டு கால், விலா என ஐந்து காயத்திலும் வருடாவருடம் சிவப்பு பெயின்ட் அடிப்பார்கள். தெருவில் ஒருவன் மேல் பழி விழுந்தால் அங்கே கூட்டிப்போவார்கள். ஒரு மெழுகுவத்தி ஏற்றப்படும். அவன் “ஐந்து காயத்தின் மேல் ஆணையாக நான் செய்யவில்லை” என்று சொல்லி விரலால் திரியை அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவன் வீட்டில் அந்த வருடமே ஒரு விளக்கு அணையும் என்பது நம்பிக்கை. இந்துக்கள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதிலிருந்து இது வந்ததா, அல்லது பழைய சாமியார்கள் சபைவிலக்கின்போது மெழுகுவத்தியைத் தலைகீழாகக் கவிழ்த்து அணைத்ததிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. நான் அப்போது சென்னைத் தினசரி ஒன்றின் பாண்டிச்சேரி நிருபர். அண்ணன் நூற்புப் பிரிவில் இருந்தார். கமிட்டியில் ரகசியமாக இருந்த மூன்று பேருடைய பெயர் எப்படியோ மேனேஜருக்குத் தெரிந்துபோய், மூவருக்கும் வேலை போயிற்று. அவர்களில் ஒருவர் அருளப்பன். மரியசூசை மேனேஜர் பங்களாவின் பின்கேட்டிலிருந்து வெளியே வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணனைக் கெபிக்கு அழைத்தார்கள். போனார். மெழுகுவத்தி எரிந்தது. “நா போவல. நம்பறவன் நம்பு,” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அணைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். சட்டையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

ஏன் என்று அன்று மத்தியானம் கேட்டேன்.

“மெழுகுவத்தி ஏத்துறதுக்கு வச்சதுடா,” என்றார். அதற்குமேல் என்னிடமும் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை.

எங்கள் தெருவின் தர்க்கம் எளிமையானது. அணைத்தவன் உத்தமன். அணைக்காதவன் செய்தவன். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்கு யாரும் கல்யாணம் சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் அவருக்கு முன்னும் பின்னும் இடம்விட்டு நடந்தார்கள்.

நான் பங்குச் சாமியாரிடம் போனேன். புதுச் சாமியார், இளைஞர். சர்வேசுரனைக் கடவுள் என்றும் பூசையைத் திருப்பலி என்றும் மாற்றிச் சொல்லவைத்துக்கொண்டிருந்த காலம் அது. மெழுகுவத்திச் சத்தியம் மூடபக்தி என்று அவர் பிரசங்கத்திலேயே கண்டித்திருந்தார். அணைக்க மறுத்தது குற்றத்தின் அடையாளம் ஆகாது என்று அதே இடத்தில் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன்.

“அந்தப் பழக்கமே தப்புன்னு சொல்லிட்டேனே. தப்பான பழக்கத்துல யாரு ஜெயிச்சா, யாரு தோத்தான்னு நான் எப்படித் தீர்ப்பு சொல்றது?” என்றார். படித்தவர், பதிலில் ஓட்டை இல்லை.

அண்ணன் மில்லை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறைக்குப் போனார். சில வருடத்தில் இருதயம் நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்கத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. பட்டறையில் அவரோடு வேலை செய்த, சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்து ஆட்கள் வந்து தூக்கினார்கள். அவர்கள் இந்துக்கள். கோயிலுக்குள் எப்போது முழங்கால் போடுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். நானும் பாதி மறந்திருந்தேன்.

அண்ணன் அந்தப் பங்களாவுக்குப் போகவில்லை என்று நம்புகிறேன். நிருபராகத் துருவிப் பார்த்தேன். நிரூபிக்க ஒன்றும் அகப்படவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

3

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை விட்டுப் போனபோது என் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கவில்லை. ஆகையால் நான் பாரீசில் இல்லை. தெரேசின் வேலையைப் பிடித்துக்கொண்டு லண்டன் வந்தவன். ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். பக்கத்து நூலகத்தில் கட்டணமில்லாமல் உட்கார இடம் கொடுக்கிறார்கள். ரீத்தாவின் தாளில் கண்ட ‘வண்ணம்’ என்ற சொல் என்னை அங்கே அனுப்பியது.

அந்தக் கால நாடகங்களில் ஆணை இல்லாத பக்கம் குறைவு. காயத்தின் மேல், ரத்தத்தின் மேல், உடம்பின் மேல். பூசையின் மேலும் ஆணையிடுகிறார்கள். கத்தோலிக்கத்தைத் தடைசெய்துவிட்ட அன்றைய இங்கிலாந்தில் பூசைக்குப் போனால் அபராதம். மாதாவின் பெயர் தேய்ந்து, ‘அதுசரி’ என்பதற்குப் பதிலாகச் சொல்லும் வெறும் அசைச்சொல்லாக வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிறது. மாதா சுரூபங்களை உடைத்து முடித்திருந்த நாடு அது. மணி, புத்தகம், மெழுகுவத்தி என்று சபைவிலக்குச் சடங்கின் மூன்று சாமானையும் சேர்த்துச் சாபமாகச் சொல்கிறார்கள். சடங்கை ஒழித்தவர்களால் நாக்கை ஒழிக்க முடியவில்லை. அடுத்த மன்னர் காலத்தில் மேடையில் கடவுள் பெயரைச் சொல்வதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அச்சுக்குப் போன பிரதிகளில் கடவுளை எடுத்துவிட்டு வானத்தையும் ரோமாபுரித் தேவர்களையும் போட்டார்கள். பிழை திருத்துகிறவன் என்ற முறையில் அந்த வேலை எனக்குப் புரிந்தது.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பென்ஷன்காரர் ஒருவர் இருந்தார். மாடு வழிமறித்தாலும் ‘நோம் தெ தியே’ என்று கடவுள் பெயரால் திட்டுவார். சாமியார் எதிரே வந்தால் ‘பார்ப்ளே’ என்று, கடவுள் இருந்த இடத்தில் நீல நிறத்தை வைத்துச் சொல்வார். அவரை நாங்கள் கோமாளி என்றுதான் நினைத்திருந்தோம்.

இன்னொன்றும் படித்தேன். ராணியே திருச்சபைக்குத் தலைவி என்று ஆணையிட வேண்டும் என்று அன்றைய அரசு கேட்டது. மறுத்தவனுக்குப் பதவி போகும். மறுபடி மறுத்தால் ராஜத்துரோகி. அவன் வேறெதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்கு அந்த அரசாங்கத்திடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஆணையிடுவது எனக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் குடியுரிமைக்காக ஒரு வக்கீல் அலுவலகத்தில் விசுவாசப் பிரமாணம் எடுத்தேன். பைபிளா, குரானா, கீதையா, எதுவுமே வேண்டாமா என்று வக்கீல் கேட்டார். பைபிள் பீரோவின் மேல் பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டும் தூரத்தில் இருந்ததால் அதையே கேட்டேன். சர்வவல்லமையுள்ள கடவுளின் பெயரால் ராணிக்கும் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வாசித்தேன். கையெழுத்திட்டேன். வெளியே மழை விட்டுவிட்டதா என்று வக்கீல் கேட்டார். நான் கோயிலுக்குப் போவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

4

பள்ளியில் பெற்றோர் தினத்தன்று நாடக ஆசிரியையைச் சந்தித்தேன். ரீத்தா ஆணைகளை நன்றாகச் சொல்கிறாள், ஆனால் இன்னும் கொஞ்சம் அலட்சியமாகச் சொல்லலாம் என்றார்.

“எங்கள் ஊரில் இதே ஆணையைச் சொல்ல மறுத்த ஒருவரைத் தெருவே ஒதுக்கிவைத்தது,” என்றேன்.

“எவ்வளவு சுவாரசியமான விஷயம்! வகுப்புக்கு வந்து பேசுவீர்களா? உங்கள் ஊர் உடையில் வந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.”

என்னுடைய ஊர் உடை பேன்ட்டும் சட்டையும்தான் என்று சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

நாடகம் நடந்த மாலை மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தீயணைப்பு விதிப்படி மேடையில் மெழுகுவத்தி கூடாதாம். பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். அணைக்க வேண்டிய கட்டத்தில் ஒரு பையன் அடியில் இருந்த பொத்தானை அமுக்கினான். ரீத்தா அட்டை வாளை உருவிக்கொண்டு காயங்களின் மேல் ஆணையிட்டபோதெல்லாம் கூட்டம் சிரித்தது. கடைசித் தடவை கைதட்டினார்கள். தெரேசும் தட்டினாள்.

நான் பெட்டி கட்டும்போது ரீத்தா கட்டிலில் உட்கார்ந்து காரணம் கேட்டாள். சொன்னேன்.

“போய்ச் சொல்லிட்டு வந்துடுப்பா,” என்றாள். இது மட்டும் தமிழில். “ஜஸ்ட் வேர்ட்ஸ்தானே.”

எனக்கும் அந்த எண்ணம்தான். பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த புத்தகத்தைத் தொட்டுப் பாஸ்போர்ட் வாங்கியவன், மெழுகுவத்தியைத் தொட்டு ஒரு கல்யாணத்தை நடத்திவைப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? ஊருக்குப் போகும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். அருளப்பன் முகத்தில் விழிக்க வேண்டியதுதான் ஒரே கஷ்டம்.

5

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் கெபிக்குப் போனேன். தெருவில் பாதி பேர் அங்கே நின்றார்கள். பிலோமினாவின் அம்மா மட்டும் வரவில்லை. வீட்டுக்குள் செபமாலையோடு உட்கார்ந்துவிட்டார். அருளப்பன் மடக்கு நாற்காலியில் இருந்தார். தலை நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை.

“வாங்க லண்டன். டேய், பாத்துப் பேசுங்கடா. பத்திரிகைக்காரரு. நாளைக்கே பேப்பர்ல போட்டுருவாரு.”

“போடுற அளவுக்கு நீங்க பெரிய ஆளு இல்ல, அருளப்பண்ணே.”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“கோட்டு மாட்டுனா வாயும் நீளுது.”

“இன்னா சொல்லணும்னு சொல்லுங்க. சொல்லி அணைச்சிட்டுப் போறேன். வேல இருக்குது.”

“மரியசூசை பங்களாவுக்குப் போவலன்னு, அஞ்சு காயத்து மேல ஆணையா சொல்லணும்.”

“சொல்றேன்.”

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “நீ கூட இருந்தியா?”

“இல்ல.”

“பாக்காததுக்கு சத்தியம் பண்ணுவியா?”

“கேட்டது நீங்கதான.”

கூட்டம் வழிவிட்டது. பிலோமினா ஒரு பெரிய மெழுகுவத்தியோடு வந்தாள். ஈஸ்டருக்கு வாங்கும் அளவு. பாஸ்கல் பின்னால் வந்தான். அவள் அதைச் சுரூபத்தின் காலடியில் நட்டு, தீக்குச்சி கிழித்து ஏற்றினாள். நான் கையை நீட்டினேன்.

“இருங்க சித்தப்பா.”

“இன்னா?”

“உங்கள அணைக்கவா வரச்சொன்னேன்? வாங்கன்னுதான் சொன்னேன். மாமா சொல்றத எழுதிக்க ஒரு ஆளு வேணும். நாளைக்கு மாத்திப் பேசுவாங்க.”

அவள் அருளப்பன் பக்கம் திரும்பினாள்.

“மாமா, எங்கப்பா பின்கேட்டுலேர்ந்து வந்தத உங்க கண்ணால பாத்தீங்க. அதயே அஞ்சு காயத்து மேல சொல்லி நீங்க அணைங்க. அணைச்சிட்டீங்கன்னா ஓலைய நானே நிறுத்திடறேன். நீங்க எழுந்து நிக்கவும் வேணாம்.”

“பிலோ...” என்றான் பாஸ்கல்.

“நீ சும்மா இரு.”

பெண் வீட்டார், பழி சொன்னவனையே அணைக்கச் சொல்வது எங்கள் தெருவில் கேள்விப்படாதது. ஆனால் அது கூடாது என்றும் யாரும் சொல்லிவைக்கவில்லை. கூட்டம் அருளப்பனைப் பார்த்தது. அவர் மெழுகுவத்தியைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்து கெபிப் படிவரை வந்தார். கை வேட்டி மடிப்பிலேயே இருந்தது.

“அன்னைக்கு நல்ல இருட்டு,” என்றார். “கரண்டு வேற இல்ல.”

இத்தனை வருடத்தில் இருட்டு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. தலைப்புச் செய்தி கிடைத்த நிருபருடைய சந்தோஷம்.

“அப்ப நீங்க பாக்கல,” என்றேன். “எல்லாரும் கேட்டுக்குங்க. இவுரு பாக்கல. எங்கண்ணன் பெட்டியத் தூக்க வராம டீக்கடையில நின்னீங்களே, அப்ப இருட்டு ஞாபகம் வரலயா?”

“சித்தப்பா, வுடுங்க.”

“எதுக்கு வுடணும்? அவரால அணைக்க முடியல பாரு.”

“அவரு அணைக்கல,” என்றாள் பிலோமினா. “எங்கப்பாவும் அணைக்கல. அணைக்காதவன் குத்தவாளின்னு நீங்க சொன்னீங்கன்னா, எங்கப்பாவயும் சேத்துத்தான் சொல்றீங்க.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கையில் கிடைத்ததை யாராவது இப்படித் திருப்பிக் கொடுப்பார்களா? அருளப்பனிடமிருந்து ஒரு மன்னிப்பு வேண்டாமா? அண்ணன் பெயரைத் தெரு முன்னால் நேராக்க இதைவிட நல்ல சமயம் வராது என்று அவள் காதருகே சொன்னேன். அவள் தீக்குச்சிப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு சங்கடம் ஏற்பட்டது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் தைரியம் இல்லை. விரல் பட்டால் அது சத்தியமாகிவிடும். எரியவிட்டுவிட்டு முதலில் நகர்வதற்கும் யாருக்கும் மனமில்லை. நின்றார்கள். காற்று அடித்தபோது இரண்டு பெண்கள் அவசரமாக முந்தானையை விரித்து மறைத்தார்கள். எதற்காக மறைத்தார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

“மாமா, இது பெரிய சைஸ்,” என்றான் பாஸ்கல். “இப்ப எரிஞ்சு முடியாது. நாற்காலிய எடுத்தாந்து போடட்டுமா?”

அருளப்பன் உட்காரவில்லை. “நாளைக்குப் பூசைக்கு நேரத்தோட வா,” என்று மருமகனிடம் சொல்லிவிட்டு நடந்தார். என்னைத் தாண்டும்போது, “உங்க பேப்பர்ல போட்டுக்க,” என்றார்.

மறுநாள் கோயிலில் எங்கள் குடும்பம் இடப்பக்கம் உட்கார்ந்தது. அண்ணன் அணைக்க மறுத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக எங்கள் பெஞ்சில் வேறு ஆட்களும் உட்கார்ந்தார்கள். இடம் இல்லாததால் இருக்கலாம். அருளப்பன் வலப்பக்கம் இரண்டாவது பெஞ்சில். இப்போதிருக்கும் சாமியார் வேறு ஆள், எதுவும் தெரியாதவர். பாஸ்கல் பெயரையும் பிலோமினா பெயரையும் மூன்றாவது முறையாக வாசித்தார். தடை அறிந்தவர் தெரிவிக்கலாம் என்றார். வழக்கம்போல் சற்று நிறுத்தினார்.

தலைகள் வலப்பக்கம் திரும்பின. பிலோமினா திரும்பவில்லை. அண்ணியின் கையில் செபமாலை நின்றுவிட்டிருந்தது. நான் அருளப்பனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தால், இருட்டைப் பற்றி எல்லோர் முன்னாலும் நான் கேட்கலாம். சொல்ல வேண்டிய வாக்கியங்களைக்கூட வரிசைப்படுத்திவைத்திருந்தேன். அந்தக் கோயிலில் அவர் எழுந்து நிற்க வேண்டும் என்று விரும்பிய ஒரே ஆள் நான்தான்.

அவர் எழவில்லை. சாமியார் தாளைத் திருப்பி, முதலியார்பேட்டைப் பையன் ஒருவனுடைய ஓலையை வாசிக்கத் தொடங்கினார்.